தோலுரிக்கும் இரவு: வனாமி இறாலின் உப்பும் உயிர்ப்பும்

மெக்சிகோவின் சொனோரா கரையிலிருந்து பெரு நாட்டின் வடபகுதிவரை நீளும் பசிபிக் பெருங்கடலின் கிழக்கு விளிம்பே, வனாமி என்று பண்ணையாளர்களால் அழைக்கப்படும் வெள்ளைக்கால் இறாலின் தாயகம். 2009ஆம் ஆண்டு இதனை வணிக முறையில் வளர்க்க இந்தியாவில் அனுமதி வழங்கப்பட்டபின், அதுவரை குளங்களை ஆண்டுவந்த கருப்புப் புலி இறாலைச் சில ஆண்டுகளிலேயே பின்தள்ளிவிட்டு, ஆந்திரக் கரையிலும் தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களிலும் வனாமி நிலைபெற்றது. நோயற்ற தாய் இறால்கள் கிடைத்ததும், நெருக்கமாக விட்டாலும் வளரும் இயல்பும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஓர் உடலியல் காரணம்: ஏறக்குறைய நன்னீர் போன்ற நீரிலும், கடலைவிட உப்புக் கூடிய நீரிலும் உயிர்வாழ இந்த விலங்கால் முடிகிறது. இந்தத் திறன் இலவசமாகக் கிடைத்ததன்று. அதற்கான விலையை இறால் ஒவ்வொரு நொடியும் செலுத்துகிறது, தோலுரிக்கும் வேளையில் அந்த விலை பன்மடங்காகிறது. பண்ணையில் நோய் என்றும் கெட்டகாலம் என்றும் கணக்கெழுதப்படும் இழப்புகளில் கணிசமான பகுதி, இந்த விலையைச் செலுத்த முடியாமற்போன விலங்குகளின் கணக்கேயாகும்.

கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. வனாமியின் இரத்தத்தில் கரைந்துள்ள பொருள்களின் மொத்தச் செறிவோ, கிலோவுக்கு 25 கிராம் அளவில் உப்புள்ள நீரின் செறிவுக்கு நிகரானது. உள்ளும் புறமும் இப்படிச் சமமாகும் நிலைக்குச் சமச்செறிவு நிலை என்று பெயர். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு மெல்லிய சவ்வின் வழியே நீர் கசிந்து செல்லும் நிகழ்வைச் சவ்வூடு பரவல் என்கிறோம். சமச்செறிவு நிலையில் இந்தக் கசிவு எந்தப் பக்கமும் மிகுவதில்லை. உப்பு அதற்கு மேல் ஏறினால் இறாலின் உடலிலிருந்து நீர் வெளியேறும், உப்பு உள்ளே புகும். அதற்குக் கீழே இறங்கினால் நீர் உள்ளே புகுந்து இரத்தத்தை நீர்க்கச் செய்யும், உப்பு வெளியே கசியும். தமிழகக் கரையின் உவர்நீர்க் குளங்களில் கோடையில் முதல் நிலையும் மழையில் இரண்டாம் நிலையும் மாறிமாறி வருவதால், ஒரே விலங்கு ஒரே வளர்ப்புக் காலத்தில் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்யவேண்டியிருக்கிறது.

மனிதன் இத்தகைய சமநிலையைச் சிறுநீரகத்தின் வழியே காக்கிறான். இறாலிலும் சிறுநீர் உண்டு. உணர்கொம்புகளின் அடியிலுள்ள ஒரு சோடிச் சுரப்பிகள் அதனை உருவாக்குகின்றன. ஆனால் அந்தச் சிறுநீரின் செறிவு ஏறத்தாழ இரத்தத்தின் செறிவாகவே இருப்பதால், மிகுதியான நீரை மட்டும் பிரித்து வெளியேற்றி உப்பைத் தக்கவைத்துக்கொள்ள அந்தச் சுரப்பிகளால் இயலாது. சிறுநீரோடு போகும் உப்பும், உடற்பரப்பின் வழியே கசியும் உப்பும் வேறு வழியில் மீட்கப்பட்டாக வேண்டும். அந்தப் பொறுப்பு செவுள்களுடையது. மூச்சுவிடும் உறுப்பே உப்பை மீட்கும் உறுப்பாகவும் கழிவை வெளியேற்றும் உறுப்பாகவும் இருப்பது, பின்னால் வரும் பல இடர்களுக்கு வேர்.

செவுளின் உயிரணுக்களில், இரத்தத்தை நோக்கிய சவ்வில், சோடியம்-பொட்டாசியம் பம்பு என்னும் புரதம் பதிந்திருக்கிறது. உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்றைச் சிதைத்து, அதில் விடுபடும் ஆற்றலைக் கொண்டு மூன்று சோடிய அயனிகளை உயிரணுவிலிருந்து இரத்தத்துக்குள் தள்ளி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. இவ்வாறு உயிரணுவுக்குள் சோடியம் குறைந்துகொண்டே இருப்பதால், குளத்துநீரின் பக்கமிருந்து புதிய சோடியம் உள்ளே நுழைய வழி ஏற்படுகிறது. மனித நரம்பும் இதயமும் சிறுநீரகமும் இயங்குவது இதே பம்பினால்தான். ஆனால் இது முதலில் கண்டறியப்பட்டது மனித உடலில் அன்று. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் ஜென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கூ, கரை நண்டின் கால் நரம்புகளிலிருந்து பிரித்தெடுத்த சவ்வுத் துணுக்குகளை ஆராய்ந்து, சோடியமும் பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்திருக்கும்போது மட்டுமே முழு வேகத்தில் ஏடிபியைச் சிதைக்கும் நொதி ஒன்று அங்கிருப்பதை 1957இல் அறிவித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், வேதியியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதி இதற்காக அவருக்கு வழங்கப்பட்டது. மருத்துவ நூல்களில் ஓயாமல் பேசப்படும் ஒரு மூலக்கூறு, இறாலின் உறவினமான ஒரு நண்டிடமிருந்து கிடைத்தது என்பதை இறால் வளர்ப்போர் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் ஸ்கூவின் கண்டுபிடிப்பில் பண்ணைக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. சோடியம் மட்டும் இருந்தால் பம்பு ஓடாது, பொட்டாசியமும் வேண்டும். ஏடிபி அதனோடு வினைபுரிய மக்னீசியமும் வேண்டும்.

கடலோரத்தில் இந்தத் தேவை கண்ணுக்குத் தெரிவதில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10,700 மில்லிகிராம் சோடியமும் 390 மில்லிகிராம் பொட்டாசியமும் உள்ளன. இவற்றின் விகிதம் ஏறத்தாழ 27க்கு 1. கடல்நீரோடு எவ்வளவு நன்னீர் கலந்தாலும் இந்த விகிதம் பெரிதும் மாறுவதில்லை. ஆனால் நிலத்தடி உவர்நீரின் வரலாறு வேறு. மண்ணிலுள்ள களிமண் கனிமங்கள் பொட்டாசியத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்வதால், உப்புமானியில் கிலோவுக்கு 10 அல்லது 15 கிராம் என்று காட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரில் பொட்டாசியம் மிகக் குறைவாக இருக்கலாம். கடலிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள அரியானாவின் உவர்நிலங்களிலும், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலும் வனாமியை வளர்க்க முனைந்தபோது எதிர்ப்பட்ட தடை இதுவே. உப்பு போதுமான அளவில் இருந்தும் குஞ்சுகள் வளராமல் நின்றன, மடிந்தன. அரியானாவில் ரோத்தக் அருகே லாஹ்லியில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் மையத்திலும், அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்திலும் நடந்த ஆய்வுகள் தீர்வை எளிமையாக்கின: வயலுக்கு இடும் அதே பொட்டாஷ் உரத்தைக் குளத்து நீரில் கரைத்து, அந்த உப்பளவுக்குக் கடல்நீரை நீர்க்கச் செய்தால் எவ்வளவு பொட்டாசியம் இருக்குமோ அந்த அளவை எட்டச் செய்வதே அது. உப்பு 10 உள்ள குளத்துக்கு இந்தக் கணக்குப்படி லிட்டருக்கு 110 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம் தேவை. உப்புமானி காட்டும் ஒற்றை எண், நீரில் மொத்தம் எவ்வளவு உப்பு என்று சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. தமிழ்நாட்டிலும் உப்புக் கூடிய கிணற்று நீரை நம்பிக் குளம் வெட்டும் போக்கு உள்ள இடங்களில், அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துக் குஞ்சு விடுவது பிழை.

செவுளின் பம்பு இரத்தத்தைக் காக்கிறது. தசையின் உயிரணுக்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேறொரு வழியைக் கையாள்கின்றன. கிளைசின், புரோலின் போன்ற தனி அமினோ அமிலங்களை உயிரணுவுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, இரத்தத்தின் செறிவுக்குத் தங்கள் உட்செறிவை ஈடாக்குகின்றன. கிளைசின் இனிப்புச் சுவையுடையது. உப்புக் கூடிய நீரில் வளர்ந்த இறாலின் சதை இனிப்பாகவும், நன்னீருக்கு நெருங்கிய நீரில் வளர்ந்தது சப்பென்றும் இருப்பதற்கு, தசையில் சேர்ந்துள்ள இந்த அமினோ அமிலங்களின் அளவே முதன்மையான காரணம். உப்பு திடீரென்று இறங்கும்போது இந்தச் சேமிப்பு தேவைக்கு மிஞ்சியதாகி, உயிரணுக்கள் அவற்றைச் சிதைக்கத் தொடங்குகின்றன. சிதைவில் பிறக்கும் நைட்ரஜன் அம்மோனியாவாகச் செவுள் வழியே குளத்துக்குள் வருகிறது. தீவனப் புரதத்திலிருந்தும் எந்நேரமும் அம்மோனியா வந்துகொண்டிருப்பதால், உப்பு இறங்கிய குளத்தில் இரண்டு ஊற்றுகளும் ஒன்றுசேர்கின்றன.

இறாலின் இரத்தம் சிவப்பாக இல்லை. மனித இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு கொண்ட ஹீமோகுளோபின். இறாலில் அந்த வேலையைச் செய்வது செம்பு கொண்ட ஹீமோசயனின். இதன் ஒவ்வொரு பிணைப்பிடத்திலும் இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கின்றன. ஆக்சிஜன் ஏறியபோது நீலமாகவும் இறங்கியபோது நிறமற்றதாகவும் அது தோன்றும். இரத்த அணுக்களுக்குள் அடைபடாமல் நேரடியாக இரத்தநீரில் கரைந்திருக்கும் இப்புரதம், இரத்தத்திலுள்ள புரதங்களில் பெரும்பகுதியாகவும், பட்டினிக் காலத்துக்கான புரதச் சேமிப்பாகவும், சில சூழல்களில் நோயெதிர்ப்புக்கு உதவும் பொருளாகவும் இருக்கிறது. குளத்தில் நைட்ரைட் ஏறினால், குளோரைடு நுழையும் அதே வாயில் வழியே அது செவுளைக் கடந்து இரத்தத்தில் சேர்ந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. உப்புக் கூடிய நீரில் குளோரைடு மிகுந்திருந்து நைட்ரைட்டோடு போட்டியிடுவதால் தீங்கு குறைகிறது. ஒரே அளவு நைட்ரைட், கடலோரக் குளத்தில் தாங்கக்கூடியதாகவும் உப்பற்ற குளத்தில் கொல்வதாகவும் இருப்பதன் காரணம் இதுதான்.

இனி தோலுரிப்பு. எலும்பு உடலுக்குள் இருக்கும் விலங்குகள் மெல்ல மெல்லத் தொடர்ச்சியாக வளர்கின்றன. வெளியே ஓடு பூண்ட இறால் அப்படி வளர இயலாது; பழைய ஓட்டைக் கழற்றி, புதிய ஓடு இறுகுவதற்குள் நீரை உறிஞ்சி உடலைப் பருக்கச் செய்து, அந்தப் புதிய அளவில் ஓட்டை இறுகவிட்டு, பிறகு உள்ளிருக்கும் நீரின் இடத்தைத் தசையால் நிரப்புகிறது. சிறிய குஞ்சு சில நாட்களுக்கு ஒருமுறையும், விற்பனை எடையை நெருங்கிய இறால் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் இவ்வாறு உரிக்கின்றன. எடை கூடுவதென்பது இறாலைப் பொறுத்தவரை தோலுரிப்புகளின் கூட்டுத்தொகைதான்.

இதனை ஆளும் ஹார்மோன் ஏற்பாடு தலைகீழானது. உரிக்கத் தூண்டும் ஹார்மோன் தலைப்பகுதியிலுள்ள ஒய்-உறுப்பு என்னும் சுரப்பியில் உருவாகிறது; அதனைத் தடுக்கும் ஹார்மோன் கண்காம்பிலுள்ள எக்ஸ்-உறுப்பில் உருவாகிறது. வழக்கமான நாட்களில் தடை ஓங்கியிருக்கும். தடை தளரும்போது ஒய்-உறுப்பு எக்டைசோனைச் சுரக்க, உடற்திசுக்கள் அதனை வீரியம் மிக்க 20-ஹைட்ராக்சி எக்டைசோனாக மாற்றுகின்றன. எக்டைசோன் முதன்முதலில் 1954இல் பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து பூட்டனான்ட், கார்ல்சன் ஆகிய இருவரால் பிரிக்கப்பட்டது. 500 கிலோ கூட்டுப்புழுக்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம். இவ்வளவு நுண்ணிய அளவில் வேலைசெய்யும் இந்த ஹார்மோன் கொலஸ்டிராலிலிருந்து கட்டப்படுகிறது. மனித உடல் கொலஸ்டிராலைத் தானே செய்துகொள்ளும்; இறாலும் நண்டும் பூச்சிகளும் அதனை அடியிலிருந்து கட்டும் நொதிகள் இல்லாதவை. ஆகவே மனிதன் தன் உணவில் குறைக்க விரும்பும் பொருளைத் தீவன ஆலைகள் இறாலின் உணவில் விலை கொடுத்துச் சேர்க்கின்றன. தீவனத்தில் அது குறைந்தால் தோலுரிப்பும் அதனோடு வளர்ச்சியும் தளரும்.

ஹார்மோன் உயர்ந்ததும் தோலின் உயிரணுக்கள் பழைய ஓட்டிலிருந்து விலகி, அதன் அடியில் புதிய மென்படலத்தைக் கட்டத் தொடங்குகின்றன. ஓட்டின் சட்டகம் கைட்டின் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியாலானது; கைட்டினேஸ் முதலிய நொதிகள் பழைய ஓட்டின் உட்பகுதியைக் கரைத்து, பயன்படக்கூடியதை உடலுக்குள் மீட்கின்றன. இந்நாட்களில் இறால் உணவைக் குறைக்கிறது. உண்ணும் அளவைப் பார்க்க வைக்கும் செக் ட்ரேயில் தீவனம் மிஞ்சுவதைக் கண்டு நோய் என்று அஞ்சி மருந்து தேடுவதற்கு முன், ஓட்டின் மென்மையைத் தொட்டுப் பார்ப்பது அறிவு. பெரும்பாலும் இரவில், தலை ஓடும் வால்பகுதியும் சேருமிடம் பிளந்து, சில நிமிடங்களுக்குள் விலங்கு வெளியேறிவிடுகிறது. அப்போது கழல்வது வெளியோடு மட்டுமன்று. உணவுக்குழலின் முன்பின் பகுதிகளின் உட்படலமும், செவுளைப் போர்த்திய நுண்படலமும் சேர்ந்தே கழல்கின்றன. மூச்சுவிடும் பரப்பே உரிபடும் அந்த வேளையில்தான் உடலின் ஆக்சிஜன் தேவை உச்சத்தில் இருக்கிறது. உறிஞ்சிய நீரால் இரத்தம் நீர்த்துப்போய், ஹீமோசயனினின் செறிவும் குறைந்திருக்கிறது. தப்பி ஓட வலிமையில்லாத மென்னுடலை, அருகிலுள்ள ஓடு இறுகிய இறால்கள் கடித்துத் தின்பதும் உண்டு.

அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் ஓடு இறுக வேண்டும். அதற்குக் கால்சியம் கார்பனேட் வேண்டும். நன்னீர்க் கல்நண்டுகள் உரிப்பதற்கு முன் கால்சியத்தை வயிற்றில் கல்லாகச் சேர்த்துவைத்துப் பிறகு கரைத்துக்கொள்கின்றன; கடலில் தோன்றிய வனாமியிடம் அத்தகைய பெருஞ்சேமிப்பு இல்லை, சுற்றியுள்ள நீரிலிருந்தே பெரும்பகுதியை எடுக்கிறது. கால்சியத்தோடு பைகார்பனேட்டும் தேவைப்படுவதால், குளத்து இறால் திரளாக உரிக்கும் நாட்களில் நீரின் மொத்தக் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கி ஈடுசெய்யும் பைகார்பனேட், கார்பனேட் இருப்பு, இறங்குவதைக் காணலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறையாமல் அதனைக் காக்கவேண்டும் என்று அறிவுரை சொல்லப்படுவதும், சுண்ணாம்பும் டோலமைட்டும் இடப்படுவதும் இதற்காகவே.

கண்காம்பின் தடையை மனிதன் கண்டுகொண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். 1943இல் பிரெஞ்சு ஆய்வாளர் பனூஸ், கண்காம்பு நீக்கப்பட்ட இறாலில் சினைப்பை விரைந்து முதிர்வதைக் கண்டார். தோலுரிப்பைத் தடுப்பது போலவே சினை முதிர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோனும் அங்கேயே சுரக்கிறது. 1970களிலிருந்து பொரிப்பகங்கள் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நசுக்கியோ வெட்டியோ கட்டியோ முட்டையிடச் செய்துவருகின்றன. சர்க்கரை அளவையும் உப்புச் சமநிலையையும் ஆளும் வேறு ஹார்மோன்களும் அதே காம்பில் இருப்பதால், ஒரு தடையை நீக்க நான்கைந்து கட்டுப்பாடுகளைச் சேர்த்து அறுக்கும் முறை இது. விலங்குக்கு வலி தருவதும் உடலியலை முரட்டுத்தனமாகக் கையாள்வதுமான இந்தப் பழக்கம் கைவிடப்பட வேண்டியது. வெட்டப்படாத தாய்களின் குஞ்சுகள் நோயைக் கூடுதலாகத் தாங்கியதை ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே இரக்கத்துக்கு மட்டுமல்லாமல் இலாபத்துக்கும் வெட்டாமல் விடுவதே வழி.

இதுவரை தனித்தனியாகப் பார்த்த எல்லாம் ஒன்றுகூடும் நாள் தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி இறால் உரிக்கும் என்று பண்ணையாளர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் நீரின் உப்பு சட்டென்று இறங்குவதும் தோலுரிப்பைத் தூண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை எந்த நாளிலும் பெய்யும் கனமழை, நாட்காட்டியைப் பாராமல் குளத்தின் இறால்களைத் திரளாக உரிக்க வைத்துவிடலாம். மழைநீரில் கால்சியமும் இல்லை, பைகார்பனேட்டும் இல்லை, பொட்டாசியமும் இல்லை. ஓடு இறுகத் தேவையான பொருள்கள் மிகுதியாக வேண்டிய வேளையில் நீர் அவற்றை இழக்கிறது. இலேசான மழைநீர் மேலே தங்கி, உப்புநீர் கீழே தேங்கி, அடித்தட்டுக்கு ஆக்சிஜன் இறங்குவது தடைபடுகிறது. மேகம் மூடிய பகலில் பாசிகள் ஆக்சிஜனைக் குறைவாகவே உண்டாக்கியிருக்கும். இரவில் அவையும் ஆக்சிஜனை உண்ணும். செவுளின் பம்புகள் கசியும் உப்பை மீட்க முழு வேகத்தில் ஓடுகின்றன, அதற்கு ஏடிபி வேண்டும், ஏடிபிக்கு ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜனைப் பிடிக்கவேண்டிய செவுளும் செம்புப் புரதமும் தங்கள் வலிமை குன்றிய நிலையில் இருக்கின்றன. தசையிலிருந்து அமினோ அமிலங்கள் சிதைந்து அம்மோனியாவும் சேர்கிறது. விடியற்காலையில் குளத்தின் ஓரத்தில் மென்மையான உடலோடு மடிந்து கிடக்கும் இறால்களுக்கு எந்தக் கிருமியும் தேவைப்படவில்லை.

கிருமி இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இறாலுக்கு எதிர்ப்புரதங்கள் இல்லை. ஒருமுறை வந்த நோயை நினைவில் வைத்துத் தாக்கும் மனித உடலின் முறை அதனிடம் இல்லை. நுண்ணுயிரின் மேற்பரப்பிலுள்ள பொதுவான சர்க்கரைகளை அடையாளம் கண்டு, ஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியை எழுப்பி, கருநிற மெலனினைச் சுற்றிலும் படியவைத்து அடைத்துவிடுவதே அதன் முதன்மையான தற்காப்புகளுள் ஒன்று. 1990களின் நடுப்பகுதியில் இந்தியப் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி வைரஸும், 2009இல் தாய்லாந்தில் விவரிக்கப்பட்ட இஹெச்பி என்னும் நுண்வித்து ஒட்டுண்ணியும் வேறுவேறு வழிகளில் இந்த அரணைக் கடக்கின்றன. இவற்றுள் இஹெச்பி, செரிமானமும் சேமிப்பும் நடக்கும் கல்லீரல்-கணைய உறுப்பின் உயிரணுக்களுக்குள் குடியேறி, தான் ஆக்கவியலாத ஏடிபியை அங்கிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. உரிப்புக்கும் பம்புக்கும் வேண்டிய ஆற்றல் திருடப்படுவதால், இறால் எளிதில் மடிவதில்லை, வளராமல் நிற்கிறது.

எனவே பருவமழைக்கு முன்பே குளத்துநீரின் மொத்தக் காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய நான்கையும் தனித்தனியே அளந்து வைத்துக்கொள்ளவேண்டும். மழை தொடங்கியதும் மேல்நீரை மதகு வழியே வடித்துவிட்டு, இரவு முழுவதும் நீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை ஓட்டி, அடுத்த நாள் தீவனத்தைக் குறைத்து, இழந்த கனிமங்களை அளவறிந்து ஈடுசெய்ய வேண்டும். சோதனைக் கூடங்களும் உப்பளவையும் அமில-கார எண்ணையும் மட்டும் எழுதித் தருவதை விட்டு, இந்த நான்கு அளவுகளையும் சேர்த்தே தரவேண்டும்.